பழைய அவுட்போர்டு மோட்டாருக்குச் சரியான மேனுவலைத் தேடிப் பிடிப்பது எப்படி?

படகின் பின்னால் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டு மோட்டார், அதிலும் பழையது ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தேடல் பெட்டியில் "ஜான்சன் 15 எச்பி மேனுவல்" என்று தட்டுவது. வந்து விழுபவற்றில் பெரும்பகுதி உங்கள் எஞ்சினுக்கு உதவாது. ஆண்டு வேறாக இருக்கும், இக்னிஷன் வேறாக இருக்கும், சில சமயம் தயாரித்த கம்பெனியே வேறாக இருக்கும். தவறான மேனுவல், மேனுவலே இல்லாததைவிட ஆபத்தானது. மேனுவல் இல்லாதவர் தயங்கித் தயங்கிக் கை வைப்பார். தவறான மேனுவலை வைத்திருப்பவர் அதிலுள்ள எண்ணை நம்பி போல்ட்டை முறித்துவிடுவார்.

அதனால் தேடலை இணையத்தில் தொடங்காதீர்கள். எஞ்சினில் தொடங்குங்கள்.

முதல் வேலை: தகட்டைப் படிப்பது

மேல் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரையும் எச்பி எண்ணையும் நம்ப வேண்டாம். மூடி உடைந்தால் வேறொரு எஞ்சினின் மூடியை எடுத்து மாட்டுவது எங்கும் நடப்பதுதான். ஒரே பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலை, வைத்து இரண்டு எச்பி விற்றதும் உண்டு. ஜான்சன், எவின்ரூட் 9.9-க்கும் 15-க்கும் பிளாக் ஒன்றுதான், முக்கிய வித்தியாசம் கார்புரேட்டரில். போதாததற்கு, 1980-களின் நடுவில் கம்பெனிகள் எச்பியை கிராங்க் ஷாஃப்டில் அளப்பதை விட்டுவிட்டு புரொப்பல்லர் ஷாஃப்டில் அளக்கத் தொடங்கின. எஞ்சின் மாறாமலே எண் குறைந்தது.

நம்பத்தக்கது மாடல் எண்ணும் சீரியல் எண்ணும்தான். படகின் பின்பலகையில் எஞ்சினைப் பிடித்து நிற்கும் கிளாம்ப் பிராக்கெட்டிலோ, எஞ்சின் திரும்பும் ஸ்விவல் பிராக்கெட்டிலோ சிறிய தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். யமஹா தகட்டில் மாடல் பெயர், மாடல் குறியீடு, டிரான்சம் (பின்பலகை) உயரம், சீரியல் எண் நான்கும் இருக்கும். நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். எஸ், எல், எக்ஸ் என்ற எழுத்துகள் ஷாஃப்டின் நீளத்தைச் சொல்பவை: 15, 20, 25 அங்குலம்.

உப்பு பூத்து எண் தெரியாவிட்டால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேலோட்டமாகப் பொறித்த எண் அதோடு போய்விடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் முதலில். உப்புப் படிவம் விடாவிட்டால் வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து எடுக்கலாம். ஸ்டிக்கராக இருந்தால் தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். பள்ளமான எழுத்தில் நிழல் விழுந்து எண் எழுந்து தெரியும். அப்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினாலும் எண் பதியும். 3-ஐ 8 என்றும், 5-ஐ 6 என்றும் படித்துவிடுவது சுலபம். சந்தேகம் இருந்தால் இரண்டு விதமாகவும் எழுதி வையுங்கள்.

தகடே இல்லையா? பவர்ஹெட்டை, அதாவது மேல் மூடிக்குள் இருக்கும் எஞ்சின் பகுதியைப் பாருங்கள். பிளாக்கில் ஒரு நாணயம் அளவில், வட்டமாக அடித்துப் பொருத்திய உலோக மூடி இருக்கும். கோர் பிளக் என்பார்கள். ஜான்சன், எவின்ரூட், மெர்குரி எஞ்சின்கள் பலவற்றில் எண்ணை அதிலும் பொறித்திருப்பார்கள். பிராக்கெட்டில் ஒரு எண்ணும் கோர் பிளக்கில் வேறு எண்ணும் இருந்தால், யாரோ பவர்ஹெட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது இரண்டு மேனுவல் தேவைப்படலாம்: இக்னிஷன், கார்புரேட்டர் வேலைகளுக்கு கோர் பிளக் எண்ணின்படி ஒன்று, கியர் கேஸ் (தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டி), தண்ணீர் பம்ப் வேலைகளுக்கு பிராக்கெட் எண்ணின்படி ஒன்று.

அலுமினிய வார்ப்புகளின் மேல் புடைத்துத் தெரியும் எண்களைப் பார்ட் நம்பர் என்று எண்ணித் தேடிக் களைத்துப்போகாதீர்கள். அவை பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண்கள்.

எண்ணிலிருந்து ஆண்டு

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. 1980-லிருந்து வந்த ஜான்சன், எவின்ரூட் மாடல் எண்ணில் ஆண்டு எழுத்துகளாக ஒளிந்திருக்கும். "இன்ட்ரொடியூசஸ்" (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பத்து எழுத்து. முதல் எழுத்து 1, இரண்டாவது 2 என்று போய், ஒன்பதாவது 9, பத்தாவது 0. மாடல் எண்ணின் கடைசி எழுத்து திருத்தத்தைக் குறிப்பது, அதை விட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு எழுத்துகள்தான் ஆண்டு. அந்த இடத்தில் "சி, என்" இருந்தால், சி எட்டாவது, என் இரண்டாவது: 1982. "சி, யு" என்றால் 1987. விட்டுவிட்ட அந்தக் கடைசி எழுத்தும் வீணல்ல. ஆண்டின் நடுவில் பாகம் மாறியிருந்தால், பார்ட்ஸ் கேட்லாக்கில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை அதுதான் சொல்லும்.

மெர்குரியில் ஆண்டைத் துரத்த வேண்டியதில்லை. அவர்களுடைய மேனுவலும் பாகப் பட்டியலும் சீரியல் எண் வரம்பின்படி பிரிந்திருக்கும். "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை" என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். சுசுகியில் டிடி என்றால் 2-ஸ்ட்ரோக், டிஎஃப் என்றால் 4-ஸ்ட்ரோக். டோஹாட்சுவில் எம் 2-ஸ்ட்ரோக், எம்எஃப்எஸ் 4-ஸ்ட்ரோக். எச்பி எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லும்.

ஆண்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே 9.9 ஜான்சனே போதும். 1974-ல் வந்தபோது அதில் பாயிண்ட் இக்னிஷன், அதாவது திறந்து மூடும் தொடுமுனைகளால் தீப்பொறி தருவது. 1977-லிருந்து பாயிண்ட் போய் மின்னணு முறையிலான சிடி இக்னிஷன் வந்துவிட்டது. 1976 எஞ்சினுக்கு 1978 மேனுவலைத் திறந்தால், ஃப்ளைவீலுக்கு அடியில் நீங்கள் காண்பதும் படத்தில் இருப்பதும் ஒட்டாது. அதே சமயம் தண்ணீர் பம்ப், கியர் கேஸ் அத்தியாயங்கள் பெருமளவு பொருந்தும். அங்கேதான் ஆள் ஏமாறுவது: ஒரு அத்தியாயம் பொருந்தியதால் புத்தகம் முழுவதும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறோம்.

ஒரே எஞ்சின், வேறு வேறு பெயர்

உங்கள் எஞ்சினின் பெயரில் மேனுவலே இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரில் இருக்கும்.

ஜான்சனும் எவின்ரூடும் ஓஎம்சி என்ற ஒரே கம்பெனியின் பிள்ளைகள். ஒரே ஆண்டு, ஒரே எச்பி என்றால் உள்ளே அநேகமாக ஒன்றேதான். ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலானது. பெயர்கள் பம்பார்டியர் வழியாக பிஆர்பி கைக்குப் போயின. 2020-ல் எவின்ரூட் தயாரிப்பும் நின்றது. ஓஎம்சியின் கேல் பிரிவு தயாரித்த எஞ்சின்கள் பக்கனீர், சீ கிங் முதலான கடைப் பெயர்களிலும் விற்றன. ஃபோர்ஸ் எஞ்சின் வைத்திருப்பவர் கிரைஸ்லர் மேனுவலைத் தேட வேண்டும்: வெஸ்ட் பெண்ட் என்ற கம்பெனியின் அவுட்போர்டு தொழிலை 1965-ல் கிரைஸ்லர் வாங்கியது, 1984-ல் அது கை மாறி ஃபோர்ஸ் ஆனது. சியர்ஸ் கடை விற்ற எல்ஜின் எஞ்சின்களில் பெரும்பாலானவை வெஸ்ட் பெண்ட் தயாரிப்பு.

நிசான் அவுட்போர்டு என்பது டோஹாட்சுவேதான். மெர்குரியின் சிறிய 4-ஸ்ட்ரோக்குகளிலும் பல டோஹாட்சு. ஆரம்ப கால மாரினர்களில் பல யமஹா தயாரிப்பு, பிந்தையவை பெரும்பாலும் மெர்குரி. ஆகவே மாரினரில் மட்டும் பாகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1990-களின் பிற்பகுதிக்குப் பின் வந்த ஜான்சன் 4-ஸ்ட்ரோக்குகளில் பல சுசுகி தந்தவை.

யமஹா பாகங்களின் எண்ணும் வழிகாட்டும். 6இ5-44352-01 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 44352 என்றால் இம்பெல்லர், தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம். முன்னால் உள்ள 6இ5, அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பது. கடைசி எண் திருத்தம். தகடு இல்லாத எஞ்சினில் அசல் பாகங்கள் சிலவற்றின் எண்களைப் படித்து, முதல் மூன்று இடங்களில் எந்தக் குறியீடு திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்தால் எஞ்சினின் குடும்பம் பிடிபட்டுவிடும்.

எந்தப் புத்தகம் வேண்டும்?

மேனுவல் என்ற பெயரில் நான்கு வேறு வேறு பொருள்கள் உலவுகின்றன.

ஓனர்ஸ் மேனுவல் மெல்லியது: பெட்ரோலில் கலக்கும் எண்ணெயின் விகிதம், ஸ்பார்க் பிளக் எண், கியர் ஆயில் அளவு, ஓட்டும் முறை. பிரித்துப் பூட்ட உதவாது, ஆனால் முதல் நாள் தேவைப்படுவது இதுதான். பல கம்பெனிகள் இதை இலவசமாகவே தரவிறக்கத் தருகின்றன.

பார்ட்ஸ் கேட்லாக் என்பது பாகங்களைப் பிரித்து வரிசையாக மிதக்கவிட்ட படங்களின் தொகுப்பு. புதியவர்கள் இதைப் பாகம் வாங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் எந்த வாஷர் எந்தப் பக்கம், எந்த ஓ-ரிங் எத்தனை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது. பாகம் விற்கும் பல தளங்களில் மாடல் எண்ணைக் கொடுத்தால் இலவசமாகப் பார்க்கலாம். எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் எஞ்சினின் படங்களை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு கிடைக்கும் மேனுவல் சரியானதா என்று ஒப்பிட இதுவே அளவுகோல்.

கம்பெனியின் சர்வீஸ் மேனுவல் மெக்கானிக்குக்காக எழுதியது. முறுக்கு அளவு, இக்னிஷன் டைமிங், காயில் ஓம் அளவு, கார்புரேட்டரையும் டைமிங்கையும் இசைய வைக்கும் படிகள், கியர் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவு எல்லாம் இதில்தான். கிடைத்தால் இதுதான் முதல் தேர்வு. நான்காவது, செலாக், கிளைமர் போன்ற பதிப்பகங்களின் புத்தகங்கள். வீட்டில் வேலை செய்பவருக்காகப் பொறுமையாக விளக்கியிருப்பார்கள், அது பெரிய உதவி. குறை என்னவென்றால், ஒரே புத்தகத்தில் பல எச்பி, பல ஆண்டுகள். படத்தில் இருப்பது உங்கள் எஞ்சினாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எண்களைப் பின்னிணைப்பு அட்டவணையில் உங்கள் மாடலின் வரிசையில் மட்டும் பாருங்கள். பத்தியின் நடுவில் வரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது

கம்பெனி இன்னும் இருந்தால் அதன் தளத்திலிருந்து தொடங்குங்கள். தேடும்போது எஞ்சின் பெயரைவிட வெளியீட்டு எண் நன்றாக வேலை செய்யும். மெர்குரி வெளியீடுகள் 90- என்று தொடங்கும். சுசுகி சர்வீஸ் மேனுவல் 99500- என்றும், ஓனர்ஸ் மேனுவல் 99011- என்றும் தொடங்கும். அமெரிக்கச் சந்தைக்கான யமஹா சர்வீஸ் மேனுவல்களுக்கு எல்ஐடி-18616 என்ற தொடக்கம். டீலரிடம் மாடல் எண்ணைச் சொல்லி இந்த வெளியீட்டு எண்ணை மட்டும் கேட்டு வாங்கினால் போதும், பழைய புத்தகக் கடை, ஏலத் தளம் எங்கும் அதை வைத்துத் தேடலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த பழைய மேனுவல்கள் நிறைய இருக்கின்றன. பொது நூலகங்களில் சில, சிறு எஞ்சின் பழுதுபார்ப்புத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கும். உறுப்பினர் அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம். மிகப் பழைய எஞ்சின் என்றால், 1965-ல் தொடங்கிய பழைய அவுட்போர்டு ஆர்வலர் சங்கம் ஏஓஎம்சிஐ உறுப்பினர்களிடம் வேறெங்கும் கிடைக்காத தாள்கள் இருக்கும்.

"இலவச மேனுவல்" என்று கூவி அழைக்கும் தளங்களில் எச்சரிக்கை வேண்டும். கார்டு எண் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பிடிஎஃப் கோப்புக்குப் பதில் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் கோப்பு இறங்கினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் பிடிஎஃப் என்றால் முன்கூட்டியே மூன்று கேளுங்கள்: அட்டைப் பக்கத்தின் படம், பொருளடக்கத்தின் படம், மொத்தப் பக்க எண்ணிக்கை. இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கிடைத்தது சரிதானா?

வாங்கியதும் எஞ்சினோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர் எத்தனை, கார்புரேட்டர் எத்தனை, பாயிண்டா சிடியா, கயிற்றை இழுத்துக் கிளப்பும் ரீகாயில் ஸ்டார்ட்டரின் அமைப்பு. இவற்றை மேல் மூடியைக் கழற்றியதும் பெரும்பாலும் பார்த்துவிடலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கியரைப் போட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, புரொப்பல்லர் ஒரு சுற்று சுற்ற ஃப்ளைவீல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் கியர் விகிதமும் கிடைக்கும். துல்லியம் வேண்டுமென்றால் புரொப்பல்லரைப் பத்துச் சுற்று விட்டு எண்ணிப் பத்தால் வகுங்கள். மேனுவலில் உள்ள விகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால், மேனுவல் தவறு அல்லது கியர் கேஸ் மாற்றப்பட்டிருக்கிறது.

ஸ்கேன் பிரதியில் முதலில் பார்க்க வேண்டியது வயரிங் படம். மடித்து வைத்த பெரிய தாளாக இருந்திருக்கும், ஸ்கேன் செய்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். கறுப்பு வெள்ளை ஸ்கேனில் வயர் நிறங்கள் எழுத்துக் குறியீடாக இருந்தால் பரவாயில்லை. வண்ணத்தில் மட்டும் இருந்தால் அந்தப் படம் பயனற்றது. ஒரு அத்தியாயத்தின் பக்கங்களை வரிசையாகப் புரட்டி, ஒற்றைப்படைப் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சரியான மேனுவலின் மதிப்பு எங்கே தெரியும் என்பதற்கு ஓஎம்சியின் பல கியர் கேஸ்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். நேர்க்கோடு வெட்டிய தலை உள்ளது எண்ணெய் வடிக்கும் பிளக். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் தலை உள்ளது கியர் மாற்றும் நுகத்தின் அச்சாணி. எண்ணெய் மாற்ற வந்தவர் பிலிப்ஸைக் கழற்றிவிட்டால் உள்ளே நுகம் இடம் பெயர்ந்துவிடும், கியர் கேஸைப் பிரிக்காமல் திரும்பப் பொருத்த முடியாது. கேட்லாக் படத்தில் இரண்டும் தனித்தனிப் பெயரோடு இருக்கும். பத்து நிமிட வேலை ஒரு வார வேலையாவது இப்படித்தான்.

இம்பெல்லர் மாற்றுவதிலும் இதே கதை. கியர் கேஸின் போல்ட்களைக் கழற்றியும் கீழே இறங்காவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். கியர் மாற்றும் கம்பியான ஷிஃப்ட் ராடு இன்னும் மேலே பூட்டியிருக்கும். அதைக் கழற்றும் இடம் சில மாடல்களில் நடுக் காலில் ஒரு சிறிய மூடிக்குப் பின்னால், சிலவற்றில் கார்புரேட்டருக்கு அடியில். உங்கள் மாடலில் எங்கே என்பதை மேனுவல் ஒரே படத்தில் காட்டிவிடும்.

எண்களைப் படிக்கும்போது

முறுக்கு அளவில் அலகைப் பாருங்கள். இன்ச்-பவுண்டும் ஃபுட்-பவுண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருக்கும், 12 இன்ச்-பவுண்டுதான் 1 ஃபுட்-பவுண்டு. ஓஎம்சி பட்டியலில் கால் அங்குல ஸ்க்ரூவுக்கு 60 முதல் 80 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 7 முதல் 9 நியூட்டன் மீட்டர். 60-ஐ ஃபுட்-பவுண்டு என்று படித்து முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும், உடல் அலுமினியத்துக்குள் தங்கிவிடும். பழைய ஜப்பானிய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் (kg-m) என்ற அலகு வரும்; அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

எண்ணெய் விகிதத்தை ஊகிக்காதீர்கள். ஓஎம்சி எஞ்சின்களில் பல 1964-லிருந்து 50:1. அதற்கு முந்தையவற்றில் பலவும், சாதா புஷ் பேரிங் உள்ள சிறிய எஞ்சின்களும் 24:1. பத்து லிட்டர் பெட்ரோலுக்கு 50:1 என்றால் 200 மில்லி, 24:1 என்றால் சுமார் 417 மில்லி. 24:1 கேட்கும் எஞ்சினுக்கு 50:1 ஊற்றினால் பேரிங் காய்ந்து தேயும். மாற்றி ஊற்றினால் புகையும், பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான். பழைய மேனுவல் எஸ்ஏஇ 30 கார் எஞ்சின் ஆயிலைச் சொல்லியிருந்தாலும் இன்று டிசி-டபிள்யூ3 என்று போட்ட 2-ஸ்ட்ரோக் மரைன் ஆயிலை வாங்குங்கள். விகிதம் மட்டும் மேனுவலில் உள்ளபடி.

மேனுவலும் இறுதி வார்த்தை அல்ல. 1980-களின் நடுவில் ஓஎம்சி சில எஞ்சின்களுக்கு 100:1 என்று அச்சிட்டது. பிறகு அதுவே 50:1-க்குத் திரும்பச் சொன்னது. அந்தக் கால மேனுவல் கையில் இருந்தால் 100:1-ஐ அடித்துவிட்டு 50:1 என்று எழுதி வையுங்கள். இப்படிப்பட்ட திருத்தங்கள் சர்வீஸ் புல்லட்டின் என்ற தனித் தாள்களில் வரும், ஆகவே மேனுவல் கிடைத்த பிறகு மாடல் எண்ணோடு "சர்வீஸ் புல்லட்டின்" என்றும் ஒருமுறை தேடுங்கள். பிளக் எண்களும் பார்ட் எண்களும்கூட மாறியிருக்கும். பழைய எண்ணை இட்டுத் தேடினால் கேட்லாக் புதிய எண்ணுக்குக் கொண்டுபோகும்.

சில எண்கள் மேனுவலில் இருக்கவே இருக்காது. ஓஎம்சி மேனுவல்கள் பலவற்றில் கம்ப்ரஷன் அளவு கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்காக வேறு எஞ்சினின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 15 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைவாகக் காட்டும் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும். காயில்களுக்கும் இதே முறை பொருந்தும். ஓம் அளவு தெரியாவிட்டாலும், ஒரே மாதிரி இரண்டு காயில்கள் வெகுவாக வேறுபட்ட எண்ணைக் காட்டினால் ஒன்றில் கோளாறு.

வேலைக்கு இறங்கும் முன் தேவையான அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வயரிங் படத்தை ஏ3 தாளில் எடுங்கள், ஏ4-ல் வயர் குறியீடுகள் படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். முதல் பக்கத்தில் மாடல் எண், சீரியல் எண், கோர் பிளக் எண், வெளியீட்டு எண் நான்கையும் எழுதுங்கள். நீங்கள் அளந்த கம்ப்ரஷன், காயில் ஓம், மாற்றிய பாகத்தின் எண், தேதி எல்லாம் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும். அடுத்த முறை கோளாறு வரும்போது ஒப்பிட, இந்த எஞ்சினுக்கே உரிய எண்கள் அவைதான்.